இடுப்பில் கைத்துப்பாக்கி: முதலில் உறையைப் பாருங்கள்

மறைத்து எடுத்துச் செல்லும் கைத்துப்பாக்கியைப் பற்றி என்னிடம் விசாரிப்பவர்கள் எல்லோரும் "எந்த மாடல்?" என்றுதான் கேட்கிறார்கள். எந்த உறை, எந்த பெல்ட் என்று யாரும் கேட்பதில்லை. ஹூஸ்டனில் கடை நடத்துகிறேன்; இரவில் கடையை அடைத்துவிட்டு வசூல் பணத்தோடு தனியாகக் காருக்கு நடக்க வேண்டும் என்பதால் பல வருடங்களாகத் துப்பாக்கி வைத்திருக்கிறேன். வாங்கிய அன்றைய எண்ணமும் இன்றைய எண்ணமும் ஒன்றுதான்: உறை சரியில்லை என்றால் எவ்வளவு நல்ல துப்பாக்கியும் ஆபத்து.

முதலில் சட்டம். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது. கிரீன் கார்டு உள்ளவர்கள் வாங்கலாம். டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பிய, சட்டத் தடை ஏதும் இல்லாத ஒருவர் லைசென்ஸ் இல்லாமலேயே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். ஆனாலும் லைசென்ஸ் எடுத்துவிடுங்கள் என்பேன். பள்ளிகளைச் சுற்றி ஆயிரம் அடிக்குள் துப்பாக்கியோடு போவதைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம், அந்த மாநிலத்தின் லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு விலக்கு தருகிறது. நகரத்துக்குள் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு பள்ளி வந்துவிடும். லைசென்ஸ் தேர்வில் 3, 7, 15 கெஜ தூரங்களில் மொத்தம் 50 முறை சுட வேண்டும். 250க்கு 175 எடுத்தால் தேர்ச்சி.

துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்குமுன் வாடகைக்குத் தரும் சுடுதளத்தில் மூன்றைச் சுட்டுப் பார்த்தேன். கிளாக் 19 கையில் நன்றாக உட்காருகிறது, 15 தோட்டா பிடிக்கும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 ரிவால்வர் எளிமையானது. ஐந்து தோட்டா; சுடுவதற்கு விரலால் இழுக்கும் விசை கனமானது. மூன்றாவது சிக் சாவர் பி365. சுமார் ஓர் அங்குலத் தடிமன், அரைக் கிலோ எடை, அடிப்படை மேகசினில், அதாவது கைப்பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியில், 10 தோட்டா. இதைத்தான் வாங்கினேன். சட்டைக்கு மேல் துருத்திக்கொண்டு காட்டிக்கொடுப்பது குழல் அல்ல, கைப்பிடி. குழல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் கால்சட்டைக்குள் மறைந்துவிடும். கைப்பிடி பெல்ட்டுக்கு மேலேதான் நிற்கும். எனவே கைப்பிடி குட்டையான துப்பாக்கி எனக்கு வசதி. எடை குறைந்த துப்பாக்கி பின்னோக்கி அதிகம் உதைக்கும். அது இயற்பியல், பழகித்தான் ஆக வேண்டும்.

இனி உறை. மெல்லிய தோல் உறை தொடுவதற்கு இதமாக இருக்கும். ஆனால் துப்பாக்கியை உருவியதும் அதன் வாய் மடங்கிக்கொள்ளும். நாள்பட்ட தோல் என்றால் அந்த மடிப்பு உள்ளே வளைந்து, துப்பாக்கியைத் திரும்பச் செருகும்போது விசையைச் சுற்றியுள்ள வளையத்துக்குள் நுழையும். விரல் செய்யும் வேலையை அந்தத் தோலே செய்துவிடும். அதனால் கைடெக்ஸ் எனப்படும் கெட்டிப் பிளாஸ்டிக் உறையைத் தவிர வேறு எதையும் நான் ஏற்பதில்லை. வாங்கும்போது தோட்டா இல்லாத துப்பாக்கியை அதில் வைத்து, வெளியிலிருந்து விசைப் பகுதியை அழுத்திப் பாருங்கள். விசை துளியும் அசையக் கூடாது. தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினாலும் துப்பாக்கி விழக் கூடாது.

வயிற்றின் நடுவைப் பன்னிரண்டு மணி என்று வைத்துக்கொண்டால், பலர் நான்கு மணி இடத்தில், இடுப்புக்குப் பின்பக்கமாக வைக்கிறார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை: கார் இருக்கையில் முதுகை உறுத்துகிறது, குனிந்து பெட்டி எடுத்தால் கைப்பிடி சட்டையைத் தூக்குகிறது. ஒரு மணி இடத்தில், முன்பக்கம் வைக்கிறேன். இங்கே குழலின் வாய் தொடையின் பெரிய ரத்தக்குழாயை நோக்கி இருக்கும். அதனால் இடுப்பில் இருக்கும் உறைக்குள் துப்பாக்கியைச் செருகுவதே இல்லை. உறையை வெளியே எடுத்து, துப்பாக்கியை அதில் பொருத்தி, 'டக்' என்ற ஓசை கேட்ட பிறகு இரண்டையும் சேர்த்து இடுப்பில் வைக்கிறேன். அரை நிமிடம் கூடுதலாகும், ஆகட்டும். உறையின் பக்கவாட்டில் இருக்கும் சிறிய நகம் போன்ற துண்டு பெல்ட்டில் அழுந்தி, கைப்பிடியை உடலோடு சேர்த்துத் தள்ளும். அது இல்லாத உறையை முன்பக்கத்துக்கு வாங்க வேண்டாம். ஒன்றரை அங்குல அகலமுள்ள விறைப்பான பெல்ட்டும் அவசியம். சாதாரண பெல்ட்டில் எடை தொங்கி, நாள் முழுக்கக் கால்சட்டையை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிவது வேறு. ஹூஸ்டன் ஆகஸ்ட் வெயிலில் வியர்வை நேராக ஸ்லைடில், அதாவது துப்பாக்கியின் மேற்புற உலோகப் பகுதியில், இறங்குகிறது. வாரம் ஒருமுறை துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசாவிட்டால் திருகுத் தலைகளில் முதலில் துரு பிடிக்கும். சட்டைப் பஞ்சு, குறி பார்க்கும் பின்புறப் பகுதியில் சேரும். உறையின் திருகுகள் நடக்க நடக்கத் தளரும். ஓர் உறையின் கொக்கி இப்படித்தான் கழன்று என் கைக்கு வந்தது. அன்றிலிருந்து எல்லாத் திருகுகளுக்கும் நீல நிறத் திருகுப் பசை போடுகிறேன். ஒரே தோட்டாவைத் தினமும் எடுத்து மறுபடி ஏற்றினால் அதன் முனையில் உள்ள குண்டு தோட்டாக் கூட்டுக்குள் அழுந்தி, சுடும்போது அழுத்தம் கூடும். அதனால் ஏற்றிய துப்பாக்கியை உறையோடேயே பெட்டகத்தில் வைப்பது நல்லது. பிள்ளைகள் உள்ள வீட்டில் பெட்டகம் கட்டாயம்: தோட்டா ஏற்றிய துப்பாக்கியை அஜாக்கிரதையாக விட்டுவைத்து, அது 17 வயதுக்குட்பட்ட பிள்ளையின் கையில் கிடைத்துவிட்டால் டெக்சாஸில் குற்றம்.

பியர்லாண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போகும் நாட்களில் அது வீட்டுப் பெட்டகத்தில்தான். வேட்டியில் உறைக்கு இடமில்லை, தரையில் விழுந்து கும்பிடவும் முடியாது. காரில் விட்டுப் போவதும் கூடாது. கார் கண்ணாடியை உடைப்பவன் தேடுவதே அதைத்தான்.

உள்ளரங்கச் சுடுதளங்கள் பலவற்றில் உறையிலிருந்து உருவிச் சுட அனுமதி இல்லை. ஆகவே தோட்டாக்களை வேறு அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, வெறும் துப்பாக்கியோடு வீட்டிலேயே உருவிப் பழகுகிறேன். சட்டையை இடது கையால் மார்பு வரை தூக்குவது, வலது கை கைப்பிடியை முழுமையாகப் பிடிப்பது, விரல் விசைக்கு வெளியே நீண்டிருப்பது, இவ்வளவுதான். கடையில் போடும் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு பழகுங்கள்.