இடுப்பு வலிக்கு எந்தச் சோதனை: ரத்தமா, சிறுநீரா, மரபணுவா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த் பகுதிகளில் துணித் தொழிற்சாலைத் தையல் இயந்திரத்தின் முன் குனிந்தே வாழ்நாளைக் கழித்தவர்களில், மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீடு உள்ளவர்கள் எம்ஆர்ஐ எடுத்து, "டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு) தேய்ந்திருக்கிறது" என்ற அறிக்கையோடு திரும்புகிறார்கள். வலியே இல்லாதவர்களைப் படமெடுத்த ஆய்வுகளை 2015இல் தொகுத்துப் பார்த்தபோது, இருபது வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் எண்பது வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் அதே தேய்மானம் இருந்தது. படம் தேய்மானத்தைக் காட்டுமே தவிர வலியின் காரணத்தைக் காட்டாது. ரத்தம், சிறுநீர், மரபணு ஆகியவற்றில் நோயின் தடயம் காட்டும் மூலக்கூறுக் குறிப்பான்களை நாடுவது இதனால்தான்.

ரத்தத்தில் பார்க்கும் சிஆர்பி, இன்டர்லூகின்-6 ஆகிய புரதங்கள் உடலில் எங்கோ அழற்சி இருப்பதைச் சொல்கின்றன. அது வட்டிலா, ஈறிலா, வயிற்றுக் கொழுப்பிலா என்று பிரித்துச் சொல்வதில்லை. அதிலும் வட்டின் உட்பகுதியில் ரத்தக் குழாயே கிடையாது என்பதால், அங்கு நடக்கும் சிதைவு ரத்தத்தில் மங்கலாகவே தெரியும். ஆயினும் டர்பன் அமைந்துள்ள, காசநோய் மிகுந்த குவாசுலு-நட்டால் மாகாணத்தில் நான் முதலிடம் தருவது விலை குறைந்த இந்தச் சிஆர்பிக்குத்தான்: வலியோடு எடைக் குறைவும் இரவு வியர்வையும் சேர்ந்தால், முதுகெலும்புக் காசநோயைத் தேடத் தூண்டும் துப்பு அது. அளவு இயல்பாக இருந்தாலும் அத்தகையவருக்கு எம்ஆர்ஐயைத் தள்ளிப்போடக் கூடாது.

சிறுநீரில் அளக்கும் சிடிஎக்ஸ்-2, வட்டிலும் குருத்தெலும்பிலும் உள்ள இரண்டாம் வகைக் கொலாஜன் என்ற புரதம் சிதையும்போது உதிரும் துண்டு. வட்டுத் தேய்மானமுள்ள மூத்த பெண்களிடம் இது கூடியிருந்ததாக ஆய்வு உண்டு. முழங்கால் தேய்ந்தாலும் இதே துண்டு உதிர்வதால், அறுபது வயதுக்காரரின் முடிவைப் படிப்பது கடினம்.

மரபணுச் சோதனையை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். கொலாஜன்-9 மரபணுவில் வட்டு நோயோடு தொடர்புடையதாகப் பின்லாந்தில் 1999இல் அறிவிக்கப்பட்ட மாற்றம் அங்கே அரிது. தென்சீனரிலோ ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடம் உள்ளது. அந்தக் கணக்கைத் தமிழ் வம்சாவளியினருக்கு அப்படியே பொருத்த முடியாது.

வலிக்கு மிக நெருங்கிய குறிப்பான், நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதம். சிதைந்த வட்டுக்குள், இயல்பில் நரம்பு எட்டாத ஆழத்துக்கும் நரம்பிழைகள் ஊடுருவ அது துணைசெய்கிறது. ஆனால் வட்டிலேயே அதைப் பார்க்க அறுவைசிகிச்சையில் எடுத்த திசு வேண்டும். இந்தக் காரணியைத் தடுக்கும் டானெசுமாப் மருந்து இடுப்பு வலியை ஓரளவு குறைத்தது. எனினும் சிலருக்கு மூட்டுகள் விரைந்து சிதைந்ததால், 2021இல் அதன் உருவாக்கம் கைவிடப்பட்டது.