செரிப்ரல் பால்சி குழந்தையின் கைக்கு எது நல்லது: வி.ஆர். கேமா, நல்ல கையைக் கட்டிவைப்பதா, இரு கைப் பயிற்சியா?

செரிப்ரல் பால்சி, அதாவது மூளை பாதிப்பால் உடல் அசைவுகள் சிரமமாகும் நிலை உள்ள குழந்தையின் கைக்கு வி.ஆர். (விர்ச்சுவல் ரியாலிட்டி) தெரபி, அதாவது கை அசைவால் ஆடும் கணினி கேம், பலன் தருமா என்று கேட்டால், எதோடு ஒப்பிட்டு என்றுதான் முதலில் கேட்க வேண்டும். சும்மா இருப்பதோடு ஒப்பிட்டால் எந்தப் பயிற்சியும் நல்லதுதான். ஆனால் குழந்தையின் நேரத்துக்கும் பொறுமைக்கும் ஓர் அளவு உண்டு. ஒன்றுக்குக் கொடுத்த நேரம் இன்னொன்றுக்குக் கிடைக்காது. அதனால் வி.ஆரை ஏற்கெனவே நன்றாக நிரூபிக்கப்பட்ட இரண்டு பயிற்சிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இங்கே பேசுவது பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்ட, அதாவது ஹெமிப்ளீஜியா உள்ள குழந்தைகளைப் பற்றி, ஏனென்றால் கைப் பயிற்சி ஆய்வுகளில் பெரும்பகுதி இவர்களை வைத்துத்தான் நடந்திருக்கிறது.

முதலாவது, நல்ல கையைக் கட்டிவைக்கும் பயிற்சி. தெரபிஸ்டுகள் சி.ஐ.எம்.டி. என்பார்கள். உளவியலாளர் எட்வர்ட் டாப் குரங்குகளிடம் கண்டதுதான் இதன் வேர். ஒரு கையின் உணர்ச்சி நரம்பை வெட்டிவிட்டால் குரங்கு அந்தக் கையைப் பயன்படுத்துவதையே விட்டுவிடுகிறது, நல்ல கையைக் கட்டிவைத்தால் விட்ட கையை மறுபடி எடுக்கிறது. இது பிறகு பக்கவாதம் வந்த பெரியவர்களுக்கு வந்தது, அப்புறம் குழந்தைகளுக்கு. ஒரு வித்தியாசம் முக்கியம். பெரியவர் ஏற்கெனவே தெரிந்த ஒன்றை மீட்கிறார், குழந்தையோ அந்தக் கையை எப்படிப் பயன்படுத்துவது என்று முதல்முறையாகக் கற்கிறது. அதனால் நல்ல கைக்குக் கையுறையோ கட்டோ போட்டுவிட்டு விட்டுவிட்டால் போதாது, மறு கைக்குப் படிப்படியாகக் கடினமாகும் விளையாட்டுகள் வேண்டும். பலன் உண்மையானது, ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஆனால் தன்னால் முடிகிற கையைப் பூட்டிவிட்டு முடியாத கையால் செய் என்றால் எந்தக் குழந்தைக்கும் கோபம் வரும், அந்தக் கோபத்தைச் சமாளிக்கத் தெரிந்த தெரபிஸ்ட் கிடைப்பதில்தான் பாதி வெற்றி.

இரண்டாவது, இரு கைப் பயிற்சி. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ கோர்டன் குழு உருவாக்கிய ஹாபிட் முறை இதில் பிரபலம்: ஒரு நாளைக்கு 6 மணி நேரம், 15 நாள், மொத்தம் 90 மணி. இதன் தர்க்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். பாதிக்கப்பட்ட கை எவ்வளவு முன்னேறினாலும் அது பெரும்பாலும் உதவிக் கையாகத்தான் இருக்கப்போகிறது, அப்படியானால் அதை நல்ல உதவிக் கையாகப் பழக்குவோம் என்பதுதான் அது. ஒரு பாட்டிலைத் திறப்பதைக் கவனித்துப் பாருங்கள். நல்ல கை மூடியைத் திருகுகிறது. மறு கை பாட்டிலைப் பிடிக்க வேண்டும், ஆனால் கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடக்கிறது, மணிக்கட்டு கீழ்நோக்கி வளைந்திருக்கிறது, அதனால் குழந்தை பாட்டிலை மார்போடு அணைத்தோ தொடைகளுக்கு நடுவே இடுக்கியோ திறக்கிறது. ஜிப் போடுவது, காகிதம் வெட்டுவது எல்லாவற்றிலும் இதே சிக்கல்தான். 2011-இல் கோர்டன் குழு 42 குழந்தைகளை வைத்து இந்த இரண்டு முறைகளையும் 90 மணி நேர அளவில் நேருக்கு நேர் ஒப்பிட்டது. கைத்திறன் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு உயர்ந்தது. குடும்பம் தேர்ந்தெடுத்த அன்றாட இலக்குகளில் இரு கைப் பயிற்சி முந்தியது.

சரி, இப்போது வி.ஆர். இந்தப் பெயரில் இரண்டு வேறு சாதனங்கள் உலவுகின்றன. ஒன்று, டிவி அல்லது கணினித் திரைக்கு முன்னால் குழந்தை கையை அசைக்க, கேமராவோ சென்சாரோ அதைப் படித்துத் திரையில் காட்டுவது. மற்றது, தலையில் மாட்டும் ஹெட்செட். இரண்டும் தரும் நல்ல விஷயம் ஒன்றுதான்: குழந்தை சலிக்காமல் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும், செய்தது சரியா தவறா என்று உடனே தெரியும், கடினத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். மூளை புதிய அசைவைக் கற்க இவை மூன்றும் தேவை. மேசை மேல் கட்டைகளை அடுக்கச் சொன்னால் ஐந்தாவது நிமிடத்தில் முகம் திருப்பும் பிள்ளை, கேமில் பலூன் உடைக்கச் சொன்னால் நெடுநேரம் கையை நீட்டிக்கொண்டே இருக்கும்.

ஆனால் அந்தப் பலூனுக்கு எடை கிடையாது, சொரசொரப்பும் கிடையாது. இறுக்கிப் பிடித்தால் நசுங்காது, தளர்த்திப் பிடித்தால் நழுவாது. ஹெமிப்ளீஜியா உள்ள குழந்தைகளில் பலருக்கு அந்தக் கையில் தொட்டு அறியும் உணர்வும் குறைவு, விரல் அழுத்தத்தை அளந்து பிடிப்பதுதான் அவர்களுக்குப் பெரிய சவால். வெறும் காற்றில் கை அசைக்கும் கேம் இந்தச் சவாலின் பக்கத்திலேயே போவதில்லை. தோளையும் முழங்கையையும் நீட்டுவதற்கு அது உதவும், பிடிக்கும் கைக்கு உதவுவது மிகக் குறைவு. இன்னொன்று, குழந்தை முழங்கையை நீட்டாமல் உடம்பையே முன்னால் சாய்த்து பலூனைத் தொட்டாலும் கேம் மதிப்பெண் கொடுத்துவிடும். பக்கத்தில் ஒருவர் நின்று முதுகைக் கவனிக்காவிட்டால், தவறான அசைவுதான் நன்றாகப் பழகும்.

ஆய்வுகளிலும் இந்த இழுபறி தெரிகிறது. தைவானில் 62 குழந்தைகளை வைத்து நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், கடையில் விற்கும் நின்டெண்டோ வீ கேமை ஆறு வாரம் வீட்டில் விளையாடியவர்களுக்கு, வழக்கமான தெரபி மட்டும் பெற்றவர்களைவிடக் கைத்திறனில் தெளிவான முன்னேற்றம் வரவில்லை. பிள்ளை கையை அதிகம் பயன்படுத்துகிறது என்று பெற்றோர் சொன்னார்கள், அதுவும் மதிப்புள்ளதுதான். ஆஸ்திரேலியாவில் சோதித்த மிட்டீ என்ற இணையவழிப் பயிற்சி வேறு ரகம். தெரபிஸ்ட் தொலைவிலிருந்தே திட்டம் போட்டுக் கொடுக்க, குழந்தை வீட்டுக் கணினியில் கேமும் அதோடு கலந்த பயிற்சிகளும் செய்தது. 2015-இல் வெளியான அந்த ஆய்வில் அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் கூடியது. கேம் என்ற உறை இரண்டுக்கும் பொதுவாக இருக்கலாம். எனக்குப் பெரிதாகத் தெரியும் வேறுபாடு, உள்ளே ஒரு தெரபிஸ்டின் திட்டம் இருந்ததா என்பதுதான்.

மணிக்கணக்கு இன்னொரு பெரிய விஷயம், இதைப் பலரும் கண்டுகொள்வதே இல்லை. பொதுவான கைத்திறன் கூட 30 முதல் 40 மணி நேரப் பயிற்சியும், ஒரு குறிப்பிட்ட இலக்கை எட்ட 14 முதல் 25 மணி நேரமும் தேவை என்று 2020-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் தெரபிக்குப் போனால் வருடம் முழுக்கச் சேர்த்தே 26 மணிதான், அதில் கைக்கு மட்டும் எவ்வளவு? வி.ஆருக்கு உண்மையான மதிப்பு இங்கேதான் இருக்கிறது. தெரபிஸ்ட் இல்லாத நாட்களில், வீட்டில், கூடுதல் மணி நேரத்தை அது வாங்கித் தரலாம். அதுவும் தானாக நடந்துவிடாது. மிட்டீ ஆய்வில் 60 மணி நேரம் திட்டமிட்டார்கள், குழந்தைகள் செய்தது சராசரியாக அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டி.

திரையா ஹெட்செட்டா என்றால், சின்னப் பிள்ளைகளுக்குத் தயங்காமல் திரைதான் என்பேன். செரிப்ரல் பால்சி உள்ள குழந்தைகளில் வலிப்பும் மாறுகண்ணும் சாதாரணமாகக் காணப்படுபவை, ஹெட்செட் வேண்டுமென்றால் நரம்பியல் மருத்துவரையும் கண் மருத்துவரையும் கேட்காமல் மாட்டக் கூடாது. அரைக் கிலோ எடை தலையில் ஏறுவதையும் யோசியுங்கள், தலை நிற்பதே சிரமமான பிள்ளைக்கு அது சித்திரவதை. ஹெட்செட் விற்கும் மெட்டா நிறுவனம் 2023-இல் வயது வரம்பைக் குறைத்த பிறகும் 10 வயதுக்குக் கீழே அனுமதியில்லை. திரை சாதனங்களிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. மைக்ரோசாஃப்ட் கினெக்ட் சென்சாரை நம்பிப் பல தெரபி கேம்கள் வந்தன, 2017-இல் அந்த கினெக்டின் தயாரிப்பே நின்றுபோனது. அதனால் வாங்கும் முன் அந்தச் சாதனம் இன்னும் தயாரிப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

என் தேர்வு இது. ஒரு பக்கம் பாதித்து, பொருளைப் பிடிக்கக் கொஞ்சமாவது முடிகிற குழந்தைக்கு இரு கைப் பயிற்சிதான் அடித்தளம், பிள்ளையே விரும்பும் இரண்டு மூன்று இலக்குகளை வைத்து. அந்தக் கையை அறவே ஒதுக்கும் பிள்ளைக்கு முதலில் சில வாரம் கட்டிவைக்கும் பயிற்சி, பிறகு இரு கைக்கு மாறலாம். இரண்டிலும் வி.ஆர். கூடுதல் நேரத்துக்கு மட்டும், முடிந்தால் கையில் உண்மையான பொருளைப் பிடித்தபடி ஆடும் கேமாக. இரண்டு கைகளுமே கடுமையாகப் பாதிக்கப்பட்டு பொருளைப் பிடிக்கவே இயலாத பிள்ளைக்குக் கணக்கு வேறு: அங்கே கை லேசாக நகர்ந்தாலே திரையில் ஏதோ நடக்கிறது என்பதே விளையாட்டில் சேர்ந்துகொள்ளும் வாய்ப்பு, அதற்காகவே அதைக் கொடுக்கலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் கேமின் மதிப்பெண்ணை முன்னேற்றமாக எண்ணாதீர்கள், கேமில் பழகப் பழக மதிப்பெண் ஏறத்தான் செய்யும். உதவிக் கை நிஜ விளையாட்டில் எவ்வளவு பங்கெடுக்கிறது என்பதை வீடியோ எடுத்து அளக்கும் ஏ.எச்.ஏ. என்ற மதிப்பீடு இருக்கிறது, அதைச் செய்யப் பயிற்சி பெற்றவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் பயிற்சி தொடங்கும் முன் பிள்ளை பாட்டில் திறப்பதையும் ஜிப் போடுவதையும் போனில் பிடித்து வையுங்கள், பயிற்சி முடிந்ததும் அதே பாட்டில், அதே ஜிப்போடு இன்னொருமுறை எடுத்து, இரண்டையும் தெரபிஸ்டோடு உட்கார்ந்து பாருங்கள்.