துக்கமா, தூக்கமா? இரவு வேலையில் நான் பயன்படுத்திப் பார்த்த செயலிகள்

சிங்கப்பூரில், புக்கிட் தீமா பக்கம் ஒரு காண்டோ குடியிருப்பில் பாதுகாவல் அதிகாரியாக இருக்கிறேன். இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை வேலை, வீடு ஈசூனில். 2025 அக்டோபரில் அம்மா தவறினார். அதன் பிறகு பகலில் படுத்தாலே நெஞ்சு படபடக்கும், எழுந்து உட்கார்ந்துவிடுவேன். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) டாக்டர் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தார். கடந்த இரண்டு வாரத்தில் எதிலாவது நாட்டம் இருந்ததா, தூக்கம் எப்படி, பசி எப்படி என்று ஒன்பது கேள்விகள். பிஹெச்க்யூ-9 என்று பெயராம். 27-க்கு எனக்கு 11 வந்தது, நடுத்தரம் என்றார். ஆலோசகரைப் பார்க்க ஆறு வாரம் கழித்துத்தான் நாள் கிடைத்தது. அதுவரை சும்மா இருக்க வேண்டாம் என்று பாலிடெக்னிக்கில் படிக்கும் என் மகள் போனை வாங்கி இரண்டு செயலிகளைப் போட்டுக் கொடுத்தாள்.

முதலாவது காசு கட்டும் செயலி. ஏழு நாள் இலவசம், அப்புறம் வருஷத்துக்கு 78 வெள்ளி. அதில் வரும் மூச்சுப் பயிற்சி உண்மையிலேயே உதவியது. நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடச் சொல்லும். மூச்சை மெதுவாக வெளியே விடும்போது இதயத் துடிப்பு தணியும் என்பது உடம்பின் இயல்பு. காவல் அறையில் உட்கார்ந்து பத்து நிமிடம் செய்தால் படபடப்பு இறங்குவது எனக்கே தெரிந்தது.

ஆனால் அந்தச் செயலி பகலில் வேலைக்குப் போய் இரவில் தூங்குகிறவர்களுக்காகச் செய்தது. இரவு ஒன்பதரைக்கு, நான் கேட்டில் நின்று டெலிவரி வேனைப் பதிவு செய்துகொண்டிருக்கும்போது, விளக்கை அணைத்துவிட்டுப் படுங்கள் என்று செய்தி அனுப்பும். படுக்கும் நேரத்தை மாற்றப் போனால் இரவு இரண்டு மணிக்கு மேல் தேர்வு செய்யவே வழியில்லை. காலை எட்டரைக்குப் படுக்கிற ஒருத்தி இருப்பாள் என்று யாருக்கும் தோன்றவில்லை போலும்.

அதைவிட என்னை நோகடித்தது தொடர்ச்சிக் கணக்கு. ஒரு நாளும் விடாமல் செய்தால் எண் ஏறிக்கொண்டே போகும். எனக்கு 31 நாள் ஆகியிருந்தது. வழக்கமாகப் பன்னிரண்டுக்குச் சற்று முன்பு செய்துவிடுவேன். அன்று இரவு கார் நிறுத்துமிடத்தில் தண்ணீர்க் குழாய் வெடித்து, எல்லாம் முடிந்து உட்கார்ந்தபோது பன்னிரண்டு பத்து. எண் பூஜ்யமாகிவிட்டது. கூடவே அழும் முகம் ஒன்றும், எங்களை மறந்துவிட்டீர்களா என்ற கேள்வியும். மனம் தளர்ந்து, எல்லாம் என் குற்றம்தான் என்று நினைத்துக் கிடக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? மூன்று நாள் அதைத் திறக்கவே இல்லை. எனக்கு உறுதி போதவில்லை என்றுதான் நினைத்தேன். மனநலச் செயலிகளின் பயன்பாட்டை அளந்த 2019 ஆய்வு ஒன்றைப் பற்றிப் பிறகு படித்தேன். முப்பதாவது நாளிலும் செயலியைத் திறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தானாம். அப்படியானால் குறை எல்லாம் நம்மிடம் மட்டும் இருக்க முடியாது.

இரண்டாவது, உரையாடும் செயலி. நாம் எழுத எழுத அது பதில் சொல்லும். ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு, அம்மா நினைப்பு வந்தால் துக்கம் தாங்கவில்லை என்று எழுதினேன். நம்மில் பலரைப் போலத் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடித்தேன். நான் அடிக்கிற விதத்தில் துக்கத்துக்கும் தூக்கத்துக்கும் ஒரே எழுத்துதான், thukkam. மதியத்துக்கு மேல் காப்பி குடிக்காதீர்கள், அறையை இருட்டாக வைத்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. தமிழ் எழுத்தில் மாற்றி அடித்தேன். புரியவில்லை, ஆங்கிலத்தில் எழுத முடியுமா என்று கேட்டது. எழுதலாம்தான். ஆனால் ஆங்கிலத்தில் எழுதினால் வருத்தம் என்ற அளவில் அது நின்றுவிடுகிறது. துக்க வீடு, துக்கம் விசாரிக்க வந்தவர்கள், பதினாறாம் நாள் என்று எங்கள் வீட்டில் நடந்தது எதுவும் அந்தச் சொல்லுக்குள் வரவில்லை.

இன்னொன்றையும் சோதித்தேன். எனக்கு அப்படிப்பட்ட எண்ணம் வரவில்லை. ஆனால் மகள் போனிலும் அதே செயலி இருந்ததால், வாழப் பிடிக்கவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். உடனே 988-ஐ அழைக்கச் சொன்னது. அது அமெரிக்காவின் எண். சிங்கப்பூரில் அதனால் பயனில்லை. இங்கே அழைக்க வேண்டியது தேசிய மனநல உதவி எண்ணான 1771, அல்லது சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் 1767. உயிருக்கே ஆபத்து என்றால் 995. எந்த மனநலச் செயலியைப் போட்டாலும் முதல் நாளே இதைச் சோதித்துவிடுங்கள். ஊர் எண் தெரியாத செயலியைப் பிள்ளைகள் போனில் விட்டுவைக்காதீர்கள்.

இரண்டையும் அழித்துவிட்டேன். ஐகானை நீக்கினால் மட்டும் சந்தா நிற்காது. போன் அமைப்பில் சந்தாப் பகுதிக்குப் போய்த் தனியாக ரத்து செய்ய வேண்டும். கணக்கையும் தகவலையும் அழிக்கச் சொல்லித் தனியாக மின்னஞ்சல் அனுப்பினேன். இணையத்தில் மனநல ஆலோசனை தரும் பெட்டர்ஹெல்ப் நிறுவனம், வாடிக்கையாளர்களின் மனநலத் தகவலை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் போன்றவற்றுக்குக் கொடுத்தது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2023-இல் 78 லட்சம் டாலர் கொடுக்க நிறுவனம் ஒப்புக்கொண்டது, தவறை ஒப்புக்கொள்ளவில்லை. அதைப் படித்த பிறகு, அம்மாவைப் பற்றி நான் எழுதியது எங்கே கிடக்கிறதோ என்று கவலையாகிவிட்டது.

இப்போது போனில் இருப்பது ஹெல்த்தி 365 மட்டும். சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் செயலி. இது என்னிடம் மனசைப் பற்றி எதுவும் கேட்டதில்லை, நடையை எண்ணும், புள்ளி கொடுக்கும், புள்ளியைப் பற்றுச்சீட்டாக மாற்றிக்கொள்ளலாம். நள்ளிரவுக்கு முன்பும் பின்பும் ரவுண்ட்ஸ் நடப்பதால் எனக்கு எந்தத் தேதியும் காலியாவதில்லை. நடந்த இரவுக்கு அடுத்த பகலில் கொஞ்சம் கூடத் தூங்குகிறேன். மைண்ட்லைன் என்ற மனநல இணையத்தளத்தையும் அவ்வப்போது திறக்கிறேன். என் பெயரைக் கேட்காமலேயே மனநிலையைச் சோதித்துப் பார்க்க விட்டது. அங்கே பார்த்துத்தான் 1771-ஐக் குறித்துக்கொண்டேன். அந்த எண் 2025 ஜூனில் தொடங்கியது, 24 மணி நேரமும் உண்டு.

ஆலோசகரைப் பார்க்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பு, இரவு மூன்று நாற்பதுக்கு அந்த எண்ணை அழைத்தேன். ஒரு பெண் பேசினார். தமிழர் இல்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், நடுநடுவே தமிழ் கலந்து சொல்லிக்கொண்டே போனேன். முடிக்கும் வரை குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, துக்கம் என்று இரண்டு மூன்று முறை சொன்னீர்களே, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். பதினாறாம் நாளிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன்.