ஏர் இந்தியா: நமக்கு எந்த விமானம் வாய்க்கிறது என்பதே கேள்வி

வேலூர்ப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு விமானப் பயணம் என்றால் சென்னையோ பெங்களூரோதான். அப்துல்லாபுரத்தில் வெள்ளைக்காரர் காலத்து ஓடுதளம் ஒன்று உண்டு; சிறு ஊர்களுக்கும் விமானச் சேவை தரும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் சேர்த்துப் பணிகள் நடந்தும், பயணிகள் விமானச் சேவை இன்னும் அங்கே தொடங்கவில்லை. எனவே காட்பாடியில் ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, மெட்ரோ பிடித்து மீனம்பாக்கம் போய்ச் சேர்வதற்குள் பாதிக் களைப்பு வந்துவிடும். அதன் பிறகு ஏறி உட்காரும் இருக்கையாவது நன்றாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தான். ஏர் இந்தியாவில் அந்த எதிர்பார்ப்பு நிறைவேறுவதும் பொய்த்துப்போவதும் ஊழியர்களைவிட, அன்றைக்கு ஓடும் விமானம் எந்த ரகம் என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் அமைகிறது.

காரணம், இந்த நிறுவனத்தின் விமானங்கள் ஒரே திட்டத்தில் வாங்கப்பட்டவை அல்ல. அரசாங்கக் காலத்தில் வாங்கியவை, பின்னர் இதில் இணைந்த விஸ்தாரா நிறுவனத்திலிருந்து வந்தவை, பிற நாட்டு நிறுவனங்களிடம் வாடகைக்கு எடுத்தவை, ஆலையிலிருந்து புதிதாக வந்தவை என்று எல்லாம் ஒரே பெயரில் பறக்கின்றன. அவை எப்படி ஒன்றுசேர்ந்தன என்பது தெரிந்தால்தான் டிக்கெட் எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பது விளங்கும்.

1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் மூட்டைகளோடு 'புஸ் மாத்' என்ற சிறிய விமானத்தை ஓட்டி வந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாக மெட்ராஸுக்கு அதைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். ஆக, முதல் பாதையிலேயே சென்னை இருந்தது. 1946-ல் டாட்டாவின் அந்த நிறுவனத்துக்கு ஏர் இந்தியா என்ற பெயர் வந்தது. 1948 ஜூன் 8 அன்று 'மலபார் பிரின்சஸ்' என்ற கான்ஸ்டலேஷன் விமானம் கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் புறப்பட்டது. 1953-ல் அரசுடைமையானது. 1960-ல் போயிங் 707 வந்து, 1962-க்குள் நிறுவனம் முழுவதும் ஜெட் விமானங்களுக்கு மாறிவிட்டது.

1971-ல் வந்து சேர்ந்த 747 ஜம்போக்களின் காலம்தான் இந்த நிறுவனம் கொடிகட்டிப் பறந்த காலம். சன்னல்களுக்கு ராஜஸ்தான் மாடச் சன்னல் போலச் சிவப்பு வளைவு தீட்டி, ஒவ்வொரு விமானத்துக்கும் ஓர் அரசரின் பெயரைச் சூட்டினார்கள். அசோகர், ஷாஜகான் ஆகியோரோடு ராஜேந்திர சோழனும் கிருஷ்ணதேவராயரும் மகேந்திரவர்மனும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். சோளிங்கர் பக்கம் மகேந்திரவாடியில் ஒற்றைப் பாறையைக் குடைந்து கோயிலெடுத்த அதே பல்லவனின் பெயர், ஒரு ஜம்போவின் மூக்கருகே எழுதப்பட்டு உலகைச் சுற்றியது என்பது வட ஆற்காட்டுக்காரர்கள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டிய செய்தி. அந்தப் பெயர்களுக்குத் துயரமும் உண்டு. 1978 புத்தாண்டு நாளில் 'அசோகா' பம்பாய்க் கடலில் விழுந்து 213 பேரும், 1985-ல் 'கனிஷ்கா' குண்டுவெடிப்பில் 329 பேரும் இறந்தனர். 1990-ல் குவைத் போரின்போது அம்மான் நகரிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை அழைத்துவந்ததும் இதே நிறுவனம்தான். வளைகுடாவில் உறவினர் இருக்கும் குடும்பங்களில் அதை இன்றும் நன்றியோடு பேசுகிறார்கள்.

சரிவு எங்கே தொடங்கியது என்று கேட்டால் பலர் 2007-ல் உள்நாட்டுச் சேவை நடத்திய அரசு நிறுவனமான இந்தியன் ஏர்லைன்ஸ் இதோடு இணைக்கப்பட்டதைச் சொல்வார்கள். என் கணக்கில், அதற்குச் சற்று முன் இரு நிறுவனங்களுக்குமாகச் சேர்த்து 111 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்ததையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அமெரிக்காவுக்கு நிற்காமல் பறப்பதற்கென்று போயிங் 777-200எல்ஆர் ரகத்தில் 8 விமானங்களை வாங்கிவிட்டு, அவற்றில் ஐந்தைப் பிறகு அபுதாபியின் எதிஹாத் நிறுவனத்துக்கு விற்றார்கள். 2022 ஜனவரி 27 அன்று டாட்டா கைக்கு நிறுவனம் திரும்பிய பிறகு, விமானம் போதாமல், அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் முன்பு ஓட்டிய அதே ரக விமானங்களில் ஐந்தை வாடகைக்கு எடுக்க வேண்டியதாயிற்று. விற்ற மாட்டை வாடகைக்குப் பிடித்த கதைதான்.

2023-ல் ஏர்பஸ் 250, போயிங் 220 என்று 470 விமானங்களுக்கு டாட்டா ஆர்டர் கொடுத்தது பெரிய செய்தியானது. அவை வந்து சேர்வதற்குள் நாம் ஏறுவது என்னவோ பழையதும் புதியதும் கலந்த கூட்டத்தில்தான். முதலில் வந்த ஏர்பஸ் ஏ350 விமானங்கள் ரஷ்யாவின் ஏரோஃப்ளோட் நிறுவனத்துக்காகக் கட்டப்பட்டு, பொருளாதாரத் தடைகளால் அங்கே போகாமல் நின்றவை. 28 பிசினஸ், 24 பிரீமியம் எகானமி (மற்ற இரண்டுக்கும் இடைப்பட்ட வகுப்பு), 264 எகானமி என 316 இருக்கைகள் கொண்ட இவற்றை 2024 ஜனவரியில் சென்னை, பெங்களூரு, மும்பை போன்ற ஊர்களுக்கிடையே ஓட்டித்தான் வெள்ளோட்டம் பார்த்தார்கள். நீண்ட பயணத்துக்கு இந்த நிறுவனத்தில் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கக்கூடிய விமானம் இதுவே.

போயிங் 787-8 அப்படியல்ல. 2012 முதல் வந்த இவற்றில் இன்னும் புதுப்பிக்காதவற்றில் 18 பிசினஸும் 238 எகானமியும் உண்டு. பிரீமியம் எகானமி கிடையாது. உள்ளமைப்பு பழையது என்பதை நிறுவனமே மறைக்கவில்லை. 40 கோடி டாலரில் பெரிய விமானங்களைப் புதுப்பிப்பதாக 2022 இறுதியில் அறிவித்தும், இருக்கைகள் வந்துசேரத் தாமதமாகி, முதல் 787-8 அந்த வேலைக்காக அமெரிக்கா போனதே 2025 ஜூலையில்தான். வி.ஐ.டி. முடித்து மேற்படிப்புக்குப் போகும் பிள்ளைக்கு டிக்கெட் எடுக்கும் பெற்றோர், விமானம் 787-8-ஆ 787-9-ஆ என்று பார்த்துவிடுவது நல்லது. பின்னது முதலில் விஸ்தாராவிலிருந்து வந்தது. வித்தியாசம் உட்கார்ந்த மறுநிமிடமே தெரியும். டிக்கெட் போட்டுத் தரும் ஏஜெண்டுகள் பொதுவாக விலையையும் நேரத்தையும் மட்டுமே சொல்வார்கள். விமானத்தின் பெயரை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

உள்நாட்டுச் சேவை பரவாயில்லை என்பதைவிட நன்றாகவே இருக்கிறது. நான் சென்னையிலிருந்து டெல்லிக்குப் போன ஏ320 நியோவில் முன்னிருக்கையின் முதுகில் கைப்பேசியைச் செருகி வைக்க ஒரு பிடிப்பும், அருகிலேயே சார்ஜ் போடும் துளையும் இருந்தன. காலை உணவாக உப்புமாவும் மெதுவடையும் சூடாகவே வந்தன. புதுப்பித்த இந்த ரகத்தில் 8 பிசினஸ், 24 பிரீமியம், 132 எகானமி. கூடுதல் தொகை அதிகமில்லையென்றால் முழங்கால் வலியுள்ளவர்களுக்குப் பிரீமியம் எடுக்கலாம். 2024 நவம்பர் 12-ல் விஸ்தாரா இணைந்தபோது அதன் விமானங்களுக்கு 2-ல் தொடங்கும் நான்கு இலக்க எண்களைக் கொடுத்தார்கள். அந்தச் சேவைக்குப் பழகியவர்கள் அந்த எண்ணைத் தேடியே டிக்கெட் எடுத்தார்கள்.

2025 ஜூன் 12-ல் அகமதாபாத்தில் 787-8 விழுந்து, விமானத்திலிருந்த 242 பேரில் 241 பேர் இறந்ததைச் சொல்லாமல் இந்த நிறுவனத்தைப் பற்றி எழுத முடியாது. புறப்பட்ட சில நொடிகளில் இரு எஞ்சின்களுக்குமான எரிபொருள் சுவிட்சுகள் நிறுத்தும் நிலைக்கு மாறியிருந்தன என்று முதற்கட்ட அறிக்கை கூறியது. அதை வைத்து இந்த ரகத்தையே ஒதுக்க நான் சொல்லமாட்டேன். இருக்கையின் வசதியும் பாதுகாப்பும் வெவ்வேறு விஷயங்கள்.

வளைகுடாவுக்குப் போகிறவர்கள் பார்க்க வேண்டியது 2005-ல் தொடங்கிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸை. பெயர் ஒட்டியிருந்தாலும் இது சிக்கனச் சேவை, பெரும்பாலும் போயிங் 737. பெரிய நிறுவனத்தின் சாப்பாட்டையும் பெட்டி எடையையும் இதில் எதிர்பார்க்கக் கூடாது. டிக்கெட் எடுக்கும்போதே எத்தனை கிலோ என்று பார்த்துக்கொண்டால், ஆம்பூர் பிரியாணி அரிசியும் ஊறுகாயும் கட்டிய பெட்டியைக் கவுண்டரில் பிரிக்கும் நிலை வராது.