தொப்பைக்கு எது பொருந்தும்: லைப்போசக்ஷன், டம்மி டக், குளிர்ச் சிகிச்சை, பேரியாட்ரிக்

தொப்பை என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் வயிறு முன்தள்ளி நிற்க நான்கு காரணங்கள் இருக்கலாம்: தோலுக்கு அடியில் சேர்ந்த கொழுப்பு, குடலைச் சுற்றி உள்ளே படிந்த கொழுப்பு, பிரசவத்துக்குப் பின் நடுவில் விலகிப்போன தசை, சுருங்காமல் தொங்கும் தோல். கொழுப்பைக் குழாயால் உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்ஷன் இதில் முதலாவதை மட்டுமே தொடும். மற்ற மூன்றுக்கும் அதைச் செய்துகொண்டவர்கள்தான் பெரும்பாலும் பணத்தையும் இழந்து வருந்துகிறார்கள்.

டாக்டரைப் பார்க்கப் போகும் முன் வீட்டிலேயே பார்த்துவிடலாம். நேராக நின்று, தொப்புளுக்குக் கீழே சதையைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடியுங்கள். கை நிறையச் சதை வந்தால் அது தோலடிக் கொழுப்பு. வயிறு பானைபோல் இறுகிப் பெரிதாக இருந்தும் பிடியில் கொஞ்சம்தான் சிக்குகிறது என்றால், கொழுப்பு தசைக்கு உள்ளே இருக்கிறது. அங்கே எந்தக் குழாயும் போகாது, போகவும் கூடாது. அடுத்து, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கித் தலையை மட்டும் தூக்குங்கள். தொப்புளுக்கு மேலே நடுக்கோட்டில் மேடு எழும்பி, இரண்டு விரல் உள்ளே இறங்கினால் தசை விலகியிருக்கிறது. கடைசியாக, முன்னால் குனியுங்கள். தோல் துணிபோல் மடிந்து தொங்கினால் பிரச்சினை தோலில்.

லைப்போசக்ஷன்

பொருத்தமானவர் யார்? எடை ஏறக்குறைய சரியாக இருந்து, ஆறு மாதமாவது கூடாமல் குறையாமல் நின்று, உடற்பயிற்சிக்கும் கரையாத ஓரிரு இடங்களில் மட்டும் கொழுப்பு உள்ளவர். அடிவயிறு, இடுப்பின் பக்கவாட்டு, தொடையின் வெளிப்புறம், மேல்கை, தாடைக்குக் கீழே ஆகியவை நல்ல பலன் தரும் இடங்கள். தோல் இழுத்துவிட்டால் சட்டென்று திரும்பும் தன்மையோடு இருக்க வேண்டும். உள்ளிருக்கும் கொழுப்பை எடுத்தபின் அந்தத் தோல்தான் சுருங்கிப் படிய வேண்டும். நிறையத் தழும்புக்கோடுகள் உள்ள வயிற்றில் அது நடக்காது. முன்பு நிரம்பிய பையாக இருந்தது காலிப் பையாகத் தொங்கும்.

இன்று பெரும்பாலும் செய்யப்படுவது டியூமசென்ட் முறை. அமெரிக்கத் தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன் 1987இல் இதை வெளியிட்டார். ஒரு லிட்டர் சலைனில் (உப்புநீரில்) மரத்துப்போகச் செய்யும் லிடோகெயின் 500 முதல் 1000 மில்லிகிராம், ரத்தக் குழாயைச் சுருக்கும் அட்ரினலின் 1 மில்லிகிராம், கொஞ்சம் சோடியம் பைகார்பனேட் கலந்து கொழுப்புக்குள் ஏற்றுகிறார்கள். இருபது நிமிடம் காத்திருந்தால் ரத்தக் குழாய்கள் சுருங்கித் தோல் வெளுக்கும். அவசரப்பட்டு இந்தக் காத்திருப்பைக் குறைத்தால் ரத்தம் கூடுதலாகப் போகும். பிறகு சில மில்லிமீட்டர் துளைகள் வழியே 3 அல்லது 4 மில்லிமீட்டர் கேனுலாவை (மெல்லிய உறிஞ்சு குழாயை) விட்டு, இரண்டு திசைகளிலிருந்து குறுக்கும் நெடுக்குமாக உறிஞ்சுகிறார்கள். தோலை ஒட்டி ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கொழுப்பை விட்டுவைக்க வேண்டும். அதையும் சுரண்டினால் மேலே பள்ளமும் மேடும் விழும். அதைச் சரிசெய்வது முதல் அறுவையைவிடக் கடினம்.

"வந்தது வந்தோம், கையையும் தொடையையும் சேர்த்துச் செய்துவிடுங்கள்" என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். இந்த முறையில் லிடோகெயினுக்குக் கிளைன் வகுத்த வரம்பு உடல் எடையில் கிலோவுக்கு 35 மில்லிகிராம். சிலர் 55 வரை போகிறார்கள். 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 35 என்று வைத்தால் 2100 மில்லிகிராம். லிட்டருக்கு 500 என்று கலந்தால் நாலு லிட்டருக்குச் சற்று மேல் திரவத்திலேயே அது தீர்ந்துவிடும். மருந்து ரத்தத்தில் உச்சத்தைத் தொடுவது ஏறக்குறைய 12 மணி நேரம் கழித்து, அதாவது நோயாளி வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு. அளவு மீறினால் நாக்கும் உதடும் மரத்துப்போவது, காதில் இரைச்சல், வாயில் உலோகச் சுவை, பிறகு வலிப்பு என்று போகும். இதற்கு மாற்றுமருந்தான 20 சதவீத லிப்பிட் எமல்ஷன் கையிருப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விழிக்கிற இடத்தில் செய்துகொள்ள வேண்டாம்.

உறிஞ்சும் மொத்த அளவு 5 லிட்டரைத் தாண்டினால் இரவு மருத்துவமனையில் தங்க வேண்டும். எடை இயந்திரத்தில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம்: ஒரு லிட்டர் கொழுப்பு 900 கிராம்தான், பாட்டிலில் காட்டுவதில் ஏற்றிய திரவமும் சேர்ந்திருக்கும். இறுக்கமான பட்டை ஆடையை நாலு முதல் ஆறு வாரம் போட வேண்டும். வீக்கம் முழுதாக வடிந்து உருவம் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும்.

டம்மி டக்

சிசேரியன் ஆன, இரண்டு பிள்ளை பெற்ற பல பெண்களின் வயிற்றுக்கு உண்மையான விடை இதுதான். ஆனாலும் தழும்புக்குப் பயந்து லைப்போசக்ஷனைக் கேட்டு வருகிறார்கள். ஒரு இடுப்பு எலும்பிலிருந்து மறு இடுப்பு எலும்பு வரை அடிவயிற்றில் வெட்டி, தொங்கும் தோலை அகற்றி, விலகிய தசையை நடுவில் தைத்து, தொப்புளுக்குப் புது இடம் செய்வார்கள். பழைய சிசேரியன் தழும்பு பெரும்பாலும் வெட்டப்படும் தோலோடு போய்விடும். புதிய தழும்பு நீளமானது, ஆனால் உள்ளாடைக்குள் அடங்கும்.

படும் பாடும் அதற்கேற்ப: முழு மயக்கம், இரண்டு முதல் நாலு மணி நேரம், பல இடங்களில் சில நாட்களுக்கு வடிகுழாய், ஒரு வாரம் கூனி நடப்பது, ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது. கைக்குழந்தையைத் தூக்க வேறு ஆள் இல்லாத வீட்டில் இதைத் தள்ளிப்போடுவதே சரி. இன்னொரு குழந்தைக்குத் திட்டம் இருந்தாலும் காத்திருக்க வேண்டும், தைத்த தசை மறுபடி விரியும். புகைபிடிப்பவர்கள் குறைந்தது நாலு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். இழுத்துத் தைத்த தோலுக்கு ரத்தம் போதாமல் ஓரம் கருகுவது அவர்களிடம்தான் அதிகம்.

குளிர்ச் சிகிச்சை

கத்தியில்லை, மயக்கமில்லை. சதையைக் கிண்ணத்தில் உறிஞ்சிப் பிடித்து 35 முதல் 60 நிமிடம் உறையவைத்தால், கொழுப்பணுக்கள் செத்து இரண்டு மூன்று மாதத்தில் கரையும். அந்த இடத்துக் கொழுப்பின் தடிமன் 20 முதல் 25 சதவீதம் குறையலாம். சின்ன உப்பலுக்கு அது போதும், தொப்பைக்குப் போதாது. அரிதாக, குறைய வேண்டிய இடம் கல்போல் இறுகிப் பெரிதாகும். மாடல் லிண்டா இவாஞ்சலிஸ்டா 2021இல் தனக்கு நேர்ந்ததாகச் சொன்னது இதைத்தான். அது தானாக வடியாது, அறுவைதான் தீர்வு. குளிரால் ரத்தத்தில் கோளாறு வரும் கிரையோகுளோபுலினீமியா உள்ளவர்களுக்கு இந்தச் சிகிச்சையே கூடாது.

பேரியாட்ரிக்

உடல் பருமனைக் குறைக்க இரைப்பையில் செய்யும் அறுவை இது. லைப்போசக்ஷனோடு ஒப்பிடவே கூடாதது. ஆனால் ஒப்பிடுகிறார்கள், அதனால் சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் 2004இல் வெளியான ஆய்வில், உடல் பருமனான 15 பெண்களின் வயிற்றிலிருந்து ஏறக்குறைய 10 கிலோ கொழுப்பை உறிஞ்சினார்கள். 10 முதல் 12 வாரம் கழித்துப் பார்த்தால் இன்சுலின் செயல்பாடோ, ரத்த அழுத்தமோ, கொலஸ்ட்ராலோ மாறவில்லை. இரைப்பை அறுவை உள்ளிருக்கும் கொழுப்பையே குறைக்கிறது, சர்க்கரையையும் இறக்குகிறது. பதிலுக்கு வாழ்நாள் முழுக்க வைட்டமின் பி12, இரும்புச்சத்து என்று மாத்திரைகள் தொடரும். சர்வதேச வழிகாட்டுதல் 2022இல் பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் குறியீடு) 35க்கு மேல் இதைப் பரிந்துரைத்தது. நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 27.5லிருந்தே பரிசீலிக்கலாம் என்றது. இந்தியாவில் காப்பீட்டு விதி இன்னும் 40, அல்லது கடுமையான துணைநோயோடு 35 என்று நிற்கிறது. அழகுக்காகச் செய்யும் லைப்போசக்ஷனுக்குக் காப்பீடு கிடையாது.

லைப்போசக்ஷனுக்குப் பின் உடற்பயிற்சி செய்யாவிட்டால் என்ன ஆகும்? பிரேசிலில் 2012இல் வெளியான ஆய்வில், 36 பெண்களில் உடற்பயிற்சி செய்யாதவர்களுக்கு ஆறு மாதத்தில் உள்கொழுப்பு 10 சதவீதம் கூடியது, செய்தவர்களுக்குக் கூடவில்லை. ஆகவே நடைப்பயிற்சிக்கு நேரமில்லை என்பதற்காக இதைத் தேர்ந்தெடுப்பவர் பொருத்தமானவர் அல்ல.

கட்டுப்படாத சர்க்கரை, காலில் ரத்தம் உறைந்த வரலாறு, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, தொப்புளில் குடலிறக்கம் ஆகியவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். குடலிறக்கத்தைக் கவனிக்காமல் கேனுலாவை விட்டால் குடல் துளைபடலாம். எடை குறைக்கும் செமாகுளுடைட் ஊசி போடுபவர்கள் மயக்க மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். வயிறு மெதுவாகக் காலியாவதால், பட்டினி இருந்தும் உணவு மேலேறி நுரையீரலுக்குள் போகக்கூடும்.

லைப்போசக்ஷன் செய்துகொண்ட பின் முதல் நாட்களில் துளைகளிலிருந்து இளஞ்சிவப்பு நீர் கசிவது இயல்பு. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால், வயிறு கல்லாக இறுகிக் காய்ச்சல் வந்தால் காலை வரை காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குப் போங்கள்.