2.5 டன் கை பேலட் டிரக்: டெல்டா பட்டறைக்கு எது வரை உதவும்?

ஃபோர்க் எனப்படும் இரண்டு இரும்பு நாக்குகளைப் பாரத்துக்கு அடியில் நுழைத்து, கையால் பம்ப் அடித்துத் தூக்கித் தள்ளிப்போகும் வண்டிதான் கை பேலட் டிரக். வழவழப்பான சிமென்ட் தரையில் இந்த வண்டிக்கு ஈடு கிடையாது. மண்ணில் இறக்கினால் சேற்றில் படுத்த எருமைதான். மரப் பட்டறையை இடம் மாற்ற இதை நம்பலாமா என்றால், பழைய பட்டறை வாசலிலிருந்து புதிய பட்டறையில் மெஷின் உட்காரும் இடம் வரை தரையை முதலில் நடந்து பாருங்கள். எடைக் கணக்கு அப்புறம்.

எடை தாங்குவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. திக்னஸ் பிளானர் (பலகையை ஒரே கனமாக இழைப்பது), சர்க்குலர் சா (வட்ட ரம்பம்), பேண்ட் சா (இரண்டு சக்கரத்தில் ஓடும் பட்டை ரம்பம்) என்று சாதாரணப் பட்டறையில் இருக்கும் எதையும் தூக்கிவிடும். ஆனால் 2500 கிலோ என்று எழுதியிருப்பது, பாரம் இரண்டு ஃபோர்க்கிலும் நீளவாக்கில் பரவி உட்கார்ந்தால்தான். நுனியில் மட்டும் ஏற்றினால் ஃபோர்க் வளையும்.

சிக்கல் அளவில்தான் ஆரம்பிக்கிறது. ஃபோர்க் நீளம் பொதுவாக 1150 மி.மீ., இரண்டும் சேர்ந்த வெளி அகலம் 550 மி.மீ. (685-ம் கிடைக்கும்). இறக்கினால் உயரம் 85, பம்ப் அடித்தால் 200 வரை ஏறும். நம் மெஷின்களின் வார்ப்பிரும்பு பேஸோ தரையோடு தரையாக ஒட்டி நிற்கும். அடியில் 85 மி.மீ. சந்து ஏது? கடப்பாரையால் ஒரு ஓரத்தை நெம்பி, பலகைத் துண்டு கொடுத்து, மறு ஓரத்தை நெம்பி, அங்குலம் அங்குலமாக ஏற்ற வேண்டும். அடியில் பலகை போகலாம், கை போகக் கூடாது.

ஏற்றிய மெஷினுக்கு அடியில் ஃபோர்க் நுழைய வழி வேண்டுமே, அதற்கு இரண்டு 4×4 அங்குலக் கட்டைகளை நடுவில் 24 அங்குலம் விட்டு இணையாகப் போடுங்கள். குறுக்கே இரண்டு கனமான சட்டம். அதன்மேல் மெஷினை உட்கார்த்தி, பேஸில் இருக்கும் பவுண்டேஷன் ஓட்டை வழியாகச் சட்டத்தோடு போல்ட் போட்டு முடுக்குங்கள். சட்டத்தையும் கட்டைகளோடு போல்ட் போட்டே சேர்க்க வேண்டும். 550 மி.மீ. ஃபோர்க் நடுவில் நுழைந்தால் பக்கத்துக்கு 30 மி.மீ. இடம் மிஞ்சும். போல்ட் தலை கீழே துருத்தினால் ஃபோர்க் முட்டும், குடைந்து உள்ளே இறக்கிவிடுங்கள். தச்சருக்கே இதைச் சொல்லித்தருவதா என்று கேட்கலாம். சொந்த மெஷினை மாற்றும் அவசரத்தில் ஆணி அடித்து விட்டுவிடுகிறவர்களும் அவர்கள்தான். பக்கவாட்டில் ஓர் இழுப்பு விழுந்தால் ஆணி பிடுங்கிக்கொள்ளும்.

சாயும் பயம் பேண்ட் சாவில்தான் அதிகம். பாரமெல்லாம் மேலே, நிற்பதோ இரண்டடிகூட அகலமில்லாத வண்டியில். டென்ஷனைத் தளர்த்தி பிளேடைக் கழற்றுங்கள், மேல் சக்கரத்தையும் கழற்றித் தனியாக ஏற்றுங்கள். டேபிளைப் பிடித்து நெம்பாதீர்கள். வார்ப்பிரும்பு வளைந்து எச்சரிக்காது, நேரே உடைந்துவிடும். பிளானரில் கட்டர் பிளாக்கை (பிளேடு பூட்டிய உருளையை) சுற்றி பெல்ட் போட்டுத் தூக்கினால் பேரிங் போச்சு. கட்டை தரையைவிட்டு ஓர் அங்குலம் எழும்பினால் போதும். அதற்கு மேல் பம்ப் அடிப்பது வீம்பு.

இனி தரை. முன் ரோலரின் விட்டம் 80 மி.மீ.தான். கடப்பைக் கல் விளிம்பு, ஷட்டர் பள்ளம் எதுவானாலும் அதற்குக் குழிதான். ஐப்பசி, கார்த்திகையில் களிமண்ணில் வேலையே வேண்டாம். சித்திரை வெயிலில் காய்ந்து கட்டியாகத்தானே இருக்கிறது என்று இறக்கினால், வெடிப்பில் ரோலர் சொருகிக்கொள்ளும். 6 மி.மீ. இரும்புத் தகடு 4×2 அடியில் நாலைந்து வெட்டி வைத்து, பின்னதை எடுத்து முன்னே போட்டுப் போகலாம். ஒன்று 35 கிலோ, இரண்டு பேர் தூக்குவார்கள். அதே 8×4 முழுத் தகடு 140 கிலோ, அதை நகர்த்தவே தனி ஆள் வேண்டும். பாரத்துக்கு அடியில் சவுக்குக் கட்டையை உருளையாகப் போடுவது நம் பக்கத்துப் பழக்கம். ஒரு முனை சிறுத்திருந்தால் பாரம் அந்தப் பக்கமே திரும்பிப் போகும். ஜி.ஐ. பைப்பு நேராக ஓடும்.

வெள்ளத்துக்குப் பயந்து பட்டறையை இரண்டடி மேடாக்கிக் கட்டியிருப்பார்கள். அதற்குப் பத்தடியில் ஒரு சரிவு. 900 கிலோ மெஷின் அந்தச் சரிவில் கிட்டத்தட்ட 175 கிலோ விசையோடு கீழே இழுக்கும். சாதாரண மாடல்களில் பிரேக் இல்லை. சரிவில் இந்த வண்டியே கூடாது. ஹைட்ரா கிரேனை வரவழைத்து வாசல் தளத்தின்மேல் நேராக இறக்கச் சொல்லுங்கள், அங்கிருந்து உள்ளே தள்ள பேலட் டிரக் போதும். அதற்கும் வாய்க்கால் பாலம் கிரேனைத் தாங்குமா, மேலே கரண்ட் கம்பி போகிறதா என்று முதல் நாளே பார்த்துவிட வேண்டும். கிரேன் கொக்கியில் மாட்டித் தூக்கும் பெல்ட் ஸ்லிங்கில் பச்சை 2 டன், மஞ்சள் 3 டன். இரண்டு பெல்ட்டும் படுத்தாற்போல விரிந்து, தரைமட்டத்துக்கு 30 டிகிரியில் நின்றால் ஒவ்வொன்றின் மேலும் முழு எடையும் விழும். பெல்ட் செங்குத்தாக நிற்கும்படி கொக்கியை உயரமாகப் பிடிக்கச் சொல்லுங்கள்.

சக்கரத்தில் நைலான், பாலியூரித்தேன் என்று இரண்டு வகை. நைலான் லேசாக உருளும், ஆனால் சத்தம், பூச்சுத் தரையையும் பெயர்க்கும். சிமென்ட் தரைப் பட்டறைக்குப் பாலியூரித்தேனே மேல். பாரத்தோடு நாள்கணக்கில் நிறுத்தினால் மட்டும் ஒரு பக்கம் தட்டையாகும். ரோலர் அச்சில் சீவலும் சணலும் சுற்றிக்கொண்டு சக்கரம் சுழலாமல் தேயும், அடிக்கடி அறுத்தெடுக்க வேண்டும்.

ஒரு தடவை இடம் மாற்ற இதை விலைக்கு வாங்குவது வீண். வாடகைக்கு எடுப்பதானால், கடையிலேயே பாரம் ஏற்றித் தூக்கிப் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். தானாக இறங்கினால் சீல் போயிருக்கிறது, வேறு வண்டி கேளுங்கள். பம்ப் அடித்தும் ஏறவில்லையென்றால் காற்று அடைத்திருக்கலாம்: இறக்கும் லிவரைப் பிடித்தபடியே பதினைந்து இருபது தடவை அடித்தால் சரியாகும். அப்போதும் ஏறாவிட்டால் எண்ணெய் குறைவு.