முன் கண்ணாடியில் கல்லடி பட்டால், சாவியைக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கார் முன் கண்ணாடியில் கல் தெறித்து ஒரு புள்ளி விழுந்திருக்கிறது. கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "மாத்திடலாம் சார், இன்சூரன்ஸ்ல போயிடும், உங்களுக்குச் செலவே இல்லை" என்கிறார். இந்த வார்த்தையைக் கேட்டால் உடனே அங்கிருந்து வண்டியை எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் அந்தப் புள்ளியை மிகக் குறைந்த செலவில் அடைத்துவிடலாம். 'செலவே இல்லை' என்கிற கிளெய்மோ, பல நேரம் கைக்காசு போட்டுப் புதுக் கண்ணாடி வாங்குவதைவிட அதிகமாகப் பிடுங்கும். எங்களுக்கு நடந்ததை முழுதாக எழுதுகிறேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை.

வேலூரிலிருந்து சென்னை திரும்பிக்கொண்டிருந்தோம். வாலாஜாபேட்டை தாண்டி, தார்ப்பாய் போடாமல் ஜல்லி ஏற்றிக்கொண்டு ஒரு டிப்பர் எங்களுக்கு முன்னால் போனது. டக்கென்று ஒரு சத்தம். ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தேன். இடது பக்கம், பக்கத்து சீட்டில் உட்காருபவருக்கு எதிரே, சின்னதாக ஒரு வட்டம். நடுவில் பொடிந்த வெள்ளைப் புள்ளி. ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்தேன். அடிபட்ட இடம் முழுக்க அந்த நாணயத்துக்குள் அடங்கிவிடும். கண்ணாடியின் உள்பக்கம் நகத்தால் தடவினால் வழவழவென்று இருந்தது. அன்றைக்கு எடுத்த போட்டோதான் இப்போது எங்கள் கையில் இருக்கும் பலமான ஆதாரம்.

வண்டியைக் கொண்டுபோன கடை, கார் கண்ணாடி வேலை மட்டுமே செய்கிற, பெரிய போர்டு வைத்த கடை. ரெசின் என்கிற பிசினைப் போட்டு அடைக்க முடியுமா என்று கேட்டதும் "போடலாம் சார்" என்றார்கள். அப்புறம் என்ன வண்டி, எந்த வருஷம், ஃபுல் இன்சூரன்ஸா என்று விசாரித்தார்கள். ஃபுல்தான் என்று சொன்னதும் பேச்சு மாறிவிட்டது. "ரிப்பேர் பண்ணினா நிக்காது சார். ஏசி போட்டா ஓடிடும். மாத்திக்கிறதுதான் சேஃப்டி." ரிப்பேர் மட்டும் போதும் என்று உறுதியாகச் சொன்னேன். ரெசின் போடும் ஆள் காலையில்தான் வருவார், வண்டி இங்கேயே இருக்கட்டும் என்றார்கள். மறுநாள் காலையில் போன் வந்தது: "சார், நைட்டே கிராக் ஓடிடுச்சு."

போய்ப் பார்த்தால், வட்டத்தில் ஆரம்பித்து இடது விளிம்பு வரை ஒரே கோடாக விரிசல். கல்லடி பட்ட கண்ணாடியில் விரிசல் தானாகவும் ஓடும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வட்டத்தின் ஓரத்தில், கூரான எதையோ வைத்து அழுத்தினதுபோல இன்னொரு வெள்ளைப் பொட்டு இருந்தது. என் போட்டோவில் அது இல்லை. கேட்டதற்கு "அது அழுக்கு சார்" என்றார் கடைக்காரர். நகத்தால் நெருடினேன். குழி தட்டியது.

விரிசல் விளிம்பைத் தொட்டுவிட்டால் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. என் பெயர், பாலிசி எண் எல்லாம் நிரப்பிய கிளெய்ம் படிவம் நான் போகும் முன்பே மேஜையில் தயாராக இருந்தது. "நோ கிளெய்ம் போனஸ் போயிடுமா?" என்று நேராகவே கேட்டேன். கிளெய்ம் வாங்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் கழிவு அது. "கண்ணாடிக்கெல்லாம் போகாது சார், அது ஆக்சிடென்ட் கிளெய்முக்குத்தான்" என்றார். கையிலிருந்து 1,000 ரூபாய் மட்டும் 'ஃபைல் சார்ஜ்' என்று வாங்கிக்கொண்டார்கள்.

இரண்டுமே பொய். அந்த 1,000 ரூபாய், 1500 சிசி வரையுள்ள கார்களுக்கு ஒவ்வொரு கிளெய்மிலும் பாலிசிதாரர் கட்டியே ஆக வேண்டிய தொகை. அதற்கு மேல் சிசி உள்ள வண்டிக்கு 2,000. கடைக்கு அதில் சார்ஜ் என்று எதுவும் கிடையாது. போனஸ் விஷயம் இதைவிட மோசம். சாதாரண பாலிசியில் கண்ணாடிக்காக கிளெய்ம் வாங்கினாலும் கிளெய்ம் கிளெய்ம்தான். அடுத்த புதுப்பித்தலில் போனஸ் பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும். போனஸ் பாதுகாப்பு என்று தனி ஆட்-ஆன் எடுத்திருந்தால்தான் தப்பிக்கலாம்.

இதை ரூபாயில் போட்டுப் பாருங்கள். எங்கள் பாலிசியில் கழிவுக்கு முந்தைய ஓன் டேமேஜ் பிரீமியம், அதாவது நம் வண்டியின் சேதத்துக்கான பங்கு, சுமார் 8,000. ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாததால் 50 சதவீதக் கழிவு இருந்தது. கழிவு ஏறுவது 20, 25, 35, 45, 50 என்ற வரிசையில். பூஜ்ஜியத்திலிருந்து மறுபடி ஏறி வரும்போது முதல் வருடம் 4,000 போகிறது, அடுத்த வருடம் 2,400, பிறகு 2,000, 1,200, 400. மொத்தம் 10,000 ரூபாய். வண்டியின் மதிப்பு வருடா வருடம் இறங்குவதால் இது கொஞ்சம் குறையும். கண்ணாடி மாற்றின பில் 7,500. அதில் இன்சூரன்ஸ் கொடுத்தது 6,500. அதாவது 6,500 ரூபாய் வாங்க, அதைவிடப் பெரிய தொகையை இழந்திருக்கிறோம். எல்லாருக்கும் இதே கணக்கு வராது. கேமரா, சென்சார் எல்லாம் வைத்த பெரிய வண்டிகளில் கண்ணாடி விலையே பல மடங்கு இருக்கும். அங்கே கிளெய்ம்தான் சரி. வண்டி பழசானதற்காகக் கிளெய்ம் தொகையில் பிடிக்கும் தேய்மானக் கழிவு கண்ணாடிக்குக் கிடையாது என்பதும் உண்மை. ஆனால் உங்கள் பிரீமியம் ரசீதை எடுத்து இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். தர்டு பார்ட்டி மட்டும் இருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, மொத்தமும் கைக்காசுதான்.

சரி, எதை ரிப்பேர் செய்யலாம், எதை மாற்ற வேண்டும்? கடைக்காரர் சொல்வதற்கு முன் நீங்களே ஓரளவு முடிவுக்கு வந்துவிடலாம்.

முன் கண்ணாடி என்பது ஒரே கண்ணாடி இல்லை. இரண்டு மெல்லிய கண்ணாடிகளுக்கு நடுவே பிவிபி என்கிற பிளாஸ்டிக் படலத்தை வைத்து அழுத்தி ஒட்டியிருப்பார்கள், கிரீம் பிஸ்கட் மாதிரி. கல் தெறித்தால் பொதுவாக வெளிக் கண்ணாடிதான் சிதறும். படலமும் உள் கண்ணாடியும் அப்படியே இருக்கும். அதனால்தான் ரிப்பேர் என்ற ஒன்று சாத்தியமாகிறது. அடிபட்ட இடத்தில் கருவியைப் பொருத்தி, உள்ளே சிக்கியிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, அந்த இடைவெளியில் ரெசினை அழுத்தி நிரப்பி, யூவி விளக்கில் இறுகவைத்து, மேலே வழிந்ததை பிளேடால் சுரண்டிவிடுவார்கள். நல்ல கையாக இருந்தால் அரை மணி நேரத்து வேலை. தழும்பு மாதிரி லேசாக ஒரு அடையாளம் நிற்கும். சுத்தமாகத் தெரியாமல் ஆக்கித் தருகிறேன் என்று சொல்பவரையும் நம்ப வேண்டாம். பக்கவாட்டுக் கண்ணாடிகள் வேறு வகை. அவை அடிபட்டால் கல்கண்டு கல்கண்டாக உதிர்ந்துவிடும், அங்கே ரிப்பேருக்கு வழியே இல்லை.

முதலில் உள்பக்கம் தடவிப் பாருங்கள். நகம் எங்காவது தட்டினால் உள் கண்ணாடியும் போய்விட்டது என்று அர்த்தம்; மாற்ற வேண்டியதுதான். வெளியே மட்டும்தான், வட்டமாகவோ நட்சத்திரம் மாதிரியோ இருக்கிறது, நாணயத்துக்குள் அடங்குகிறது என்றால் ரிப்பேர்தான் முதல் யோசனையாக இருக்க வேண்டும். நீளமான விரிசலுக்கு நம் கடைகளில் பொதுவாகச் சொல்வது ஆறு அங்குலம் வரை. விளிம்பிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் இருந்தால் சின்ன விரிசலைக்கூட நம்ப முடியாது. அழுத்தமெல்லாம் அங்கேதான், எப்போது வேண்டுமானாலும் ஓடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் இடம். ஓட்டுபவரின் கண்ணுக்கு நேரே இருக்கும் அடியை ரெசினால் அடைத்தாலும் அந்தத் தழும்பில் ராத்திரி எதிர் வெளிச்சம் சிதறும். அங்கே காசைப் பார்க்காமல் மாற்றிவிடுவது நல்லது. பிரிட்டனில் வருடாந்திர எம்ஓடி சோதனையில் இதற்குக் கறாரான அளவே வைத்திருக்கிறார்கள்: ஸ்டீயரிங்குக்கு நேரே 290 மில்லிமீட்டர் அகலப் பட்டையில் 10 மில்லிமீட்டருக்கு மேல் சேதம் இருந்தால் வண்டி தேறாது, வைப்பர் துடைக்கிற மற்ற இடங்களில் 40 மில்லிமீட்டர் வரை விடுவார்கள். நம் ஊரில் கடைக்குக் கடை பேச்சு மாறுவதால் இந்த அளவுகளை மனதில் வைத்துக்கொள்வது உதவும்.

அடிபட்ட அன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வெளிப்பக்கம் செல்லோ டேப் ஒட்டி மூடிவிடுங்கள். தூசியும் மழைத் தண்ணீரும் உள்ளே போய்விட்டால் ரெசின் சரியாகப் பிடிக்காது. வெயிலில் நின்ற வண்டியில் ஏறினதும் ஏசியை முழு வேகத்தில் கண்ணாடிக்குத் திருப்புவதும், சூடான கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் விரிசலை ஓடவைக்கும். கடைக்காரர் ஏசியைச் சொல்லிப் பயமுறுத்தினதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. ஆனால் ரெசின் போடுவதே அப்படி ஓடாமல் தடுக்கத்தான்.

இனி, மாற்றித் தந்த லட்சணம். முன் கண்ணாடி காற்றைத் தடுப்பதற்கு மட்டும் இருப்பதல்ல. பக்கத்து சீட்டு ஏர்பேக் விரியும்போது பல கார்களில் இந்தக் கண்ணாடியில் மோதித்தான் ஆளைப் பார்த்துத் திரும்புகிறது. வண்டி உருண்டால் கூரை நசுங்காமல் இருக்கவும் இது தாங்கல். அதனால்தான் இதை யூரித்தேன் பசையில் ஒட்டுகிறார்கள். அது காற்றின் ஈரத்தை இழுத்து மெதுவாக இறுகும். எவ்வளவு நேரம் கழித்து வண்டியை எடுக்கலாம் என்பது பசையின் டப்பாவிலேயே போட்டிருக்கும். எங்கள் வண்டியை ஒட்டின கையோடு "எடுத்துட்டுப் போகலாம் சார்" என்று சாவியை நீட்டினார்கள்.

முதல் பெரிய மழையிலேயே இடது பக்கக் கால்மிதி நனைந்திருந்தது. எங்கள் தெருவில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணன், ஹோஸ் பைப்பில் மேலிருந்து தண்ணீர் விட்டுக்கொண்டே உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். முன்தூணின் பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் தண்ணீர் கோடாக இறங்கியது. கண்ணாடியைச் சுற்றியிருக்கும் பீடிங் ரப்பரைத் தூக்கினால், பசை ஓரிடத்தில் கனமாகவும் ஓரிடத்தில் அறவே இல்லாமலும் இருந்தது. பழைய கண்ணாடியை அறுத்தெடுக்கும்போது கத்தி பட்டு பாடியில் பெயின்ட் உரிந்த இடத்தில் பிரைமர் அடிக்காமலே ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் கோடு முழுக்கச் செந்துரு. பசையை விரலால் இழுத்துப் பார்த்தவர், "தம்பி, இது யூரித்தேனே இல்லை, சிலிக்கான்" என்றார்.

கண்ணாடியும் மோசடிதான். பில்லில் 'கம்பெனி கண்ணாடி' என்று இருக்கிறது, இன்சூரன்ஸிடம் வாங்கினதும் அந்த விலைக்குத்தான். முன் கண்ணாடியின் கீழ் மூலையில் தயாரிப்பாளர் பெயரோடு ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 2553 என்ற தர எண்ணும் இருக்கும். பழைய கண்ணாடியின் மூலை தெரியும்படி நான் எடுத்த போட்டோவில் எல்லாம் தெளிவாக இருக்கிறது. புதியதில் மங்கலாக இரண்டு எழுத்து, முத்திரை கிடையாது. அதன் வழியே பார்த்தபடி தலையை லேசாக அசைத்தால் ஈபி கம்பம் வளைந்து நெளிகிறது. ராத்திரி எதிரே வரும் பைக்கின் ஒரு விளக்கு இரண்டாகத் தெரிகிறது. இந்தக் கண்ணாடியை வைத்துக்கொண்டுதான் வீட்டுப் பிள்ளைகளை நெடுஞ்சாலையில் கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறார்களா என்று நினைக்கும்போது ஆத்திரம் தாங்கவில்லை.

ஃபாஸ்டேகையும் உரித்துப் புதுக் கண்ணாடியில் ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். ஒருமுறை உரித்தால் அது செத்துவிடும். வங்கியிடம் புதிது வாங்க வேண்டும். சொல்லவே இல்லை. டோலில் ரொக்கமாக இரட்டிப்புக் கட்டினோம். முன் கண்ணாடியில் கேமரா வைத்திருக்கும் வண்டி உங்களுடையது என்றால் இன்னும் கவனம் வேண்டும். கண்ணாடி மாற்றின பிறகு அந்தக் கேமராவைத் திரும்ப அளவு சரிசெய்ய வேண்டும். அதற்கான வசதி இருக்கிறதா என்று வேலை தொடங்கும் முன்பே கேளுங்கள். இல்லாவிட்டால் தானாகப் பிரேக் போடும் வசதி இருந்தும் ஆபத்துதான்.

நாங்கள் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டோம். பில்லில் ஒரு கண்ணாடி, வண்டியில் இன்னொரு கண்ணாடி என்பதை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் போட்டோக்களோடு எழுதிக் கொடுத்தாயிற்று. அதன் பிறகுதான் கடையிலிருந்து போன் வந்தது: "கொண்டு வாங்க சார், பேஸ்டிங் ஃப்ரீயா பண்ணித் தரோம்." அவர்கள் கையில் வண்டியை இனி கொடுப்பதாக இல்லை. பணத்தைத் திருப்பித் தராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்தால் போதும். போட்டோ, பில், கிளெய்ம் படிவத்தின் நகல், கடையோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் பத்திரப்படுத்தியிருக்கிறோம்.

வண்டி இப்போது கண்ணாடி மாற்ற வேறொரு கடைக்காரரிடம் இருக்கிறது. துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, காயவிட்ட பிறகுதான் கண்ணாடியைத் தொடுவேன், அவசரப்படுத்தக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். முத்திரை உள்ள கண்ணாடியை எங்கள் கண்ணெதிரேதான் பிரித்தார்.